வியுந்தா இன்னா ஆவும்?

என் மகளைத் தொட்டிலில் போட்ட அன்று பட்டறையிலிருந்து ஏழெட்டுப் பேர் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். எல்லோரும் குனிந்து குழந்தையைப் பார்த்தார்கள். பட்டறை அக்கா மட்டும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"கொயந்தையக் கொஞ்சம் தூக்கிக்கோம்மா" என்றார் என் மனைவியிடம்.

அவள் ஏன் என்று புரியாமலே தூக்கினாள். அவர் தொட்டில் சேலையை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை மடக்கி, தன் முழு எடையோடும் தொங்கினார். ஒரு தரம் ஆடியும் பார்த்தார். கூரைக் கொக்கி அசையவில்லை. இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டு, "சரி, போடு" என்றார்.

"இது என்ன அக்கா?" என்றேன்.

"வியுந்தா இன்னா ஆவும்?"

என் மாமியாரின் முகம் அப்படியே கறுத்துப் போனது. நல்ல நாளில், நிறைந்த வீட்டில் சொல்லக்கூடிய சொல்லா அது? அவர் போன பிறகு மாமியார் அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. மறுநாள் காலையில் மட்டும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கொக்கியைத் தானும் ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

அந்த அக்காவின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் கண்டபடி திட்டுவார். திருவொற்றியூரில் நான் தரக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பாக இருந்த பட்டறையில் அவர் எனக்குக் கீழே பரிசோதகர். காகிதத்தில் நான் மேலதிகாரி. அதனால் உள்ளே இருக்கும்போது என்னை "சார்" என்பார். கேட்டைத் தாண்டிவிட்டால் "தம்பி". புடவைக்கு மேல் ஆண்கள் போடும் காக்கிச் சட்டை, அதன் பையில் ஒரு டார்ச், கம்பியில் ஒட்டிய சின்ன வட்டக் கண்ணாடி, மஞ்சள் மார்க்கர். பற்றவைத்த இடம் ஒவ்வொன்றையும் அந்தக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்ப்பார். மேஜை ஓரத்தில் இருக்கும் யார் கைபேசியையும் போகிற போக்கில் நடுவுக்குத் தள்ளிவிட்டுப் போவார். டீ தம்ளரையும் அப்படித்தான். பேருந்தில் படியில் நிற்கிறவனைப் பார்த்தால் நடத்துநருக்கு முன்னால் அவர் கத்துவார். பட்டறையில் அவருக்கு 'வியுந்தா அக்கா' என்றே பெயர். அது அவருக்கும் தெரியும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் பயந்தது பெரும்பாலும் நடக்கவில்லை. கொக்கி அறுந்து விழவில்லை. ஒரு மழைக்காலத்தில் பட்டறைக் கூரைத் தகடு பறந்துவிடும் என்று நாலு நாள் எல்லோரையும் தலைக்கவசத்தோடு சாப்பிட வைத்தார். தகடு இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. நாங்கள் சிரித்தோம். அவரும் கூடச் சிரித்தார். ஆனாலும் அடுத்த மழைக்குத் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டார்.

இப்படி ஒருவர் இருந்தால் அதற்கு ஒரு கதை இருக்க வேண்டுமே. வெல்டர்கள் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். புருஷன் துறைமுகத்தில் பளு விழுந்து போய்விட்டான் என்றான் ஒருவன். அண்ணன் படகோடு கவிழ்ந்தான் என்றான் இன்னொருவன். நானே ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"யார் தம்பி இத்தயெல்லாம் கிளப்பி வுடறது?" என்று சிரித்தார். "எங்க வூட்ல யாரும் எதுலயும் வியுந்து சாவல. எங்க நைனா சக்கரையில போனாரு. எங்க வூட்டுக்காரு இன்னொருத்தியோட போனாரு. என் தம்பி இதோ காத்திவாக்கத்துல வலை போட்டுகினு நல்லாத்தான் கீறான். எனக்குப் பார்க்கச் சொல்லித்தான சம்பளம் குடுக்கறாங்க? நான் பாக்கறேன். அவ்ளோதான்."

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. கதை எதுவும் இல்லாமல் ஒருவருக்கு இவ்வளவு பயம் எப்படி இருக்க முடியும்? அல்லது, கேள்வியை நான் திருப்பிப் போட வேண்டுமோ என்னவோ. எண்ணூர் ஆலைகளுக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு எங்களுக்கெல்லாம் எப்படிப் பயம் இல்லாமல் இருந்தது?

அந்த வேலை எங்களிடம் வந்தது அதற்குப் பிறகுதான். ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் விண்கலத்துக்கு மின்சாரம் தரும் சின்ன அணு உலை ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள். பயந்துவிட வேண்டாம், எங்கள் பட்டறைக்கு யுரேனியம் வரவில்லை. நாங்கள் செய்ய வேண்டியது மாதிரி உருவம். அதே அளவு, அதே எடை, உள்ளே எரிபொருளுக்குப் பதில் எஃகுத் தண்டுகள். அதைக் கீழே போட்டுப் பார்த்து, பூட்டுகள் தாங்குகின்றனவா என்று எழுதித் தர வேண்டும்.

அவர்களுடைய விஞ்ஞானி ஒருவர் வந்து சாப்பாட்டுக் கூடத்தில் எங்களுக்கெல்லாம் படம் போட்டு விளக்கினார். ஐம்பதைத் தாண்டியவர், குரல் எழும்பாதவர். சூரியனை விட்டுத் தள்ளிப் போகப் போக சூரியத் தகடுகளுக்கு வெளிச்சம் போதாது என்றார். நிலவில் ஓர் இரவு என்பது நம் கணக்கில் இரண்டு வாரம், அதுவரை பேட்டரி தாங்காது என்றார். உலையின் நடுப்பகுதி ஒரு வாளி அளவுதான். அதைச் சுற்றி ஆறு உருளைகள். உருளையின் ஒரு பக்கம் அணு வினையைத் தின்றுவிடும், மறுபக்கம் அதை வளர்க்கும். தின்கிற பக்கம் உள்ளே பார்த்தால் உலை தூங்கும், திருப்பினால் விழிக்கும்.

"அவ்ளோ சூடு வருமே, மேல காத்து கூட இல்லியே, எப்டி ஆறும்?" என்று கேட்டார் அக்கா. கடைசி வரிசையில் நின்றிருந்தார்.

விஞ்ஞானி ஆச்சரியத்தோடு அவரைப் பார்த்தார். "அதுதாம்மா எங்களுக்குப் பெரிய தலைவலி. பெரிய பெரிய இறக்கை மாதிரி தகடு வெச்சு, சூட்டைக் கதிராத்தான் வெளிய விடணும். உலையை விட இறக்கைதான் பெருசா இருக்கும்."

"சரி சார். வியுந்தா இன்னா ஆவும்?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி திரும்பி முறைத்தார். விஞ்ஞானி சிரிக்கவில்லை.

"நாங்க அதிக நாள் உக்காந்து யோசிச்சது இதைத்தான்" என்றார். "ராக்கெட்ல போகும்போது உலை தூங்கிக்கிட்டு இருக்கும். ஒரு தடவைகூட எரியாத யுரேனியம் பக்கத்துல நின்னாலும் பெரிய ஆபத்து கிடையாது. திரும்பி விழவே நூத்துக்கணக்கான வருஷம் ஆகுற உயரத்துக்குப் போன பிறகுதான் எழுப்புவோம். முன்னாடி வேற நாட்டுக்காரங்க தாழ்வான பாதையில எரியவிட்டாங்க. அது பனிக்காட்டுல வந்து விழுந்து, மாசக்கணக்குல துண்டு துண்டா பொறுக்கினாங்க. அந்தத் தப்பை நாம பண்ண மாட்டோம்."

"மேல போறதுக்கு முன்னாடியே ராக்கெட் வெடிச்சிட்டா?"

"கடல்ல விழும்."

"தண்ணி அணைச்சிடும்ல?"

விஞ்ஞானி கொஞ்சம் தயங்கினார். "இல்லம்மா. இந்த நெருப்புக்குத் தண்ணி எண்ணெய் மாதிரி. உள்ள தண்ணி புகுந்தா வினை இன்னும் சுலபமா தொடங்கும். அதனாலதான் அந்த ஆறு உருளையும் எவ்வளவு அடி வாங்கினாலும் திரும்பக் கூடாது. அந்தப் பூட்டைத்தான் நீங்க செஞ்சு தரப் போறீங்க."

கூடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா மட்டும் விடவில்லை.

"எந்தக் கடல் சார்?"

"வங்காள விரிகுடா."

"எங்க கடல்னு சொல்லுங்க" என்றார்.

வடக்கே ராக்கெட் விடும் நாள்களில் அந்தப் பக்கத்துக் கடலுக்குப் போகக் கூடாது என்று மீனவர்களுக்குச் சொல்லிவிடுவார்கள். அவருடைய தம்பி அன்று வலையை எடுக்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பார். ஒரு முறை மதியச் சாப்பாட்டு வேளையில் ஏவினார்கள். பட்டறையே கடற்கரைக்கு ஓடியது. நெருப்புக் கோடு மேலே போனபோது எல்லோரும் கை தட்டினோம், வீடியோ எடுத்தோம். நான் தற்செயலாக அவரைப் பார்த்தேன். அவர் பார்வை மேலே இல்லை. கோட்டுக்கு நேர் கீழே, தண்ணீரை ஒரே இடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். புகை கலைந்து, கூட்டம் கலைந்து, சங்கு ஊதி நாங்கள் உள்ளே போன பிறகும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார்.

அந்த மாதிரி உருவத்தைச் செய்ய நாலு மாதம் ஆயிற்று. ஒவ்வோர் உருளையையும் ஓர் எஃகு ஊசி குறுக்கே நின்று பூட்டியது. சோதனை நாளன்று அவர் ஒவ்வோர் உருளைக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் சேர்த்து மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு போட்டார். உருளை இம்மி திரும்பினாலும் கோடு உடையும். கிரேன் தூக்கி, மூன்று ஆள் உயரத்திலிருந்து சிமெண்டுத் தளத்தில் போட்டது. பிறகு தண்ணீர்த் தொட்டியில். திரும்பவும் தளத்தில். பட்டறையே ஒவ்வொரு முறையும் அதிர்ந்தது. ஆறு பூட்டும் நின்றன.

அவர் டார்ச்சோடு போய் மண்டியிட்டார். நாலாவது உருளையின் பக்கத்தில் நெடுநேரம் இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். கோடு உடைந்திருந்தது, ஒரு தலைமுடி அளவு.

"இது அனுமதிச்ச அளவுக்குள்ளதான் அக்கா" என்றேன். உண்மை அதுதான். அளந்து பார்த்தோம். அனுமதித்ததில் பாதிகூட இல்லை.

"தெரியும் சார். ஆனா நேராப் போட்டோம். கடல்ல வியுறது நேராவா வியும்? சாஞ்சிதான் வியும். இந்த நாலாம் நம்பர் கீழ வர்ற மாதிரி ஒரு தபா சாச்சுப் போட்டுப் பாத்துடலாம்."

முதலாளி கெட்டவர் இல்லை. தூத்துக்குடியிலிருந்து வந்து ஒற்றை லேத்தில் தொடங்கி அந்தப் பட்டறையை உருவாக்கியவர். மறுநாள் சரக்கு போயாக வேண்டும். இது நன்றாகப் போனால் அடுத்து ஐந்தாறு வருடத்துக்கு அவர்களுடைய வேலை எங்களுக்கே வரும் என்ற நம்பிக்கை.

"அவங்க கேட்ட சோதனை மூணு. மூணும் பாஸ். கேக்காததை நாம ஏன் செய்யணும்? உடைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்றார்.

"உடைஞ்சா இங்க உடையட்டுமே சார்."

"கையெழுத்துப் போடுங்கம்மா."

"போட மாட்டேன் சார்."

இதை அவர் கத்திச் சொல்லவில்லை. மார்க்கரை மூடிப் பையில் போட்டுக்கொண்டு கை கழுவப் போய்விட்டார். பரிசோதகர் போடாவிட்டால் அவர் இடத்தில் நான் போடலாம் என்று விதி இருந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். எல்லா எண்ணும் சரியாக இருந்தன. பொய் என்று ஒரு வரிகூட அந்த அறிக்கையில் இல்லை. வீட்டில் மகளுக்கு எட்டு மாதம். போட்டேன்.

மாலையில் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் அக்கா எனக்காக நின்றிருந்தார். கையில் விஞ்ஞானி கொடுத்த விலாச அட்டை.

"தம்பி, நீயும் இங்கயே நில்லு. நாளைக்கு முதுகுக்குப் பின்னாடி பண்ணிட்டேன்னு ஆவக் கூடாது."

"வேண்டாம் அக்கா. வேலை போயிடும்."

"போனாப் போவுது" என்றார். ஆனால் எண்களை அழுத்தும்போது அவர் விரல் இரண்டு முறை தப்பியது. மூன்றாவது முறைதான் மணி அடித்தது. எனக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டார்.

"சார், நான் திருவொத்தியூர் பட்டறையிலேர்ந்து பேசறேன். செக்கிங்கு பாக்கற பொம்பள. எந்தக் கடல்னு கேட்டேனே..."

"ஞாபகம் இருக்கும்மா. சொல்லுங்க."

சொன்னார். தலைமுடி அளவு கோடு, நாலாவது உருளை, சாய்த்துப் போட வேண்டும் என்பது. லாரிகளின் இரைச்சலில் அந்தப் பக்கத்துக் குரல் கேட்கவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்படியே ஆகட்டும் என்றுகூட நினைத்தேன்.

"சரக்கு கிளம்பிடுச்சா?"

"காலையில கிளம்புது சார்."

"நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. நான் வர்றேன்."

மறுநாள் பதினோரு மணிக்கு விஞ்ஞானி வந்துவிட்டார். காலையில் அக்கா சொன்னதைக் கேட்டு லாரியை நிறுத்தி வைத்திருந்த முதலாளி முறைத்துக்கொண்டே நின்றார். பெட்டியைப் பிரித்து, மாதிரியைச் சங்கிலியில் சாய்த்துக் கட்டினார்கள். முதல் முறை போட்டபோது ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்து இரண்டாவது முறை போட்டார்கள். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. வெல்டர்களில் யாரோ விசில் அடித்தார்கள். முதலாளி முதல் முறையாகச் சிரித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே அக்காவை நினைத்து வெட்கமாகவும் இருந்தது, கூரைத் தகடு மாதிரி இதுவும் ஆயிற்றே என்று.

"நாலாம் நம்பர் நேரா அடியில வரல சார்" என்றார் அவர். "இன்னும் ஒரே ஒரு தபா."

சங்கிலியை மாற்றிக் கட்டினார்கள். கிரேன்காரர் விடுவித்தார்.

இந்த முறை சத்தம் வேறாக இருந்தது. இதுவரை தொம்மென்று விழுந்தது, இப்போது அதற்குள் மெல்லிய கணீரென்று ஒன்று கேட்டது. அறுந்த ஊசி தளத்தில் உருண்டு வந்து என் காலணிக்கு அருகில் நின்றது. விஞ்ஞானி போய்க் குந்தி உட்கார்ந்து, நாலாவது உருளையில் ஒரு விரலை வைத்தார். அது சுற்றியது. தடையே இல்லாமல், சைக்கிள் சக்கரம் போலச் சுற்றியது.

விஞ்ஞானி எழாமலேயே சொன்னார்: "ஒரு உருளை திரும்பினாலும் உலை முழிக்காத மாதிரிதான் கணக்குப் போட்டிருக்கோம். தண்ணிக்குள்ள விழுந்தாலும் அப்படித்தான்."

"ரெண்டு திரும்புனா சார்?"

"ரெண்டு திரும்பாதுன்னு வெச்சிருந்தோம்."

"ஒண்ணு திரும்பாதுன்னும்தான வெச்சிருந்தீங்க?"

விஞ்ஞானி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

தன் பேச்சு பலித்ததில் அக்காவுக்குச் சந்தோஷம் இருக்கும் என்று நினைத்துத் திரும்பினேன். அவர் மணல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கேட்டார். குடித்து முடித்துத் தம்ளரைப் பக்கத்து மூட்டையின் நடுவில் வைத்தார்.

"இது என் பைத்தியமாவே இருக்கட்டும்னு காத்தாலேர்ந்து வேண்டிகினு இருந்தேன் தம்பி" என்றார். பட்டறைக்குள் அவர் என்னைத் தம்பி என்று சொன்னது அந்த ஒரு முறைதான்.

விஞ்ஞானி அவரிடம் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மாதிரியும் போயிற்று. வேலை எங்களுக்குத் திரும்பி வரவில்லை. வடிவமைப்பையே மாற்றுகிறோம், புது இயந்திரங்கள் உள்ள இடத்தில் செய்கிறோம் என்று கடிதம் வந்தது. எங்கள்மேல் குற்றம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் கூடுதல் நேர வேலை நின்றது. இரண்டு வெல்டர்கள் அக்காவோடு பேசுவதை நிறுத்தினார்கள். "உன் வாயி இருக்கே, அது எல்லார் சோத்துலயும் மண்ணு" என்று ஒருத்தர் முகத்துக்கு நேரே சொன்னார். முதலாளி அவரை வேலையை விட்டு நீக்கவில்லை. கையுறையும் கண்ணாடியும் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். டார்ச்சை வாங்கிக்கொண்டார். மூன்று மாதத்தில் அக்கா தானாக நின்றுவிட்டார்.

அந்த மூன்று மாதமும் எனக்குத் தேவையான கையுறையை வேறு யாரையாவது அனுப்பித்தான் வாங்கினேன்.

இரண்டு வருடம் கழித்து விஞ்ஞானி என்னைத் தொலைபேசியில் அழைத்தார். இப்போது ஒவ்வோர் உருளைக்கும் இரண்டு திசையிலிருந்து இரண்டு ஊசி. அதற்கு மேல் உலையின் நடுவே ஒரு தடுப்புத் தண்டு, மேலே போன பிறகுதான் வெளியே வரும். எல்லாச் சாய்விலும் போட்டாயிற்று, ஈர மணலிலும் புதைத்தாயிற்று, அசையவில்லை. உலை பறக்க இன்னும் பல வருடம் ஆகும், பறக்குமா என்பதே தெரியாது, ஆனால் அந்த அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்றார். அக்காவின் எண் மாறியிருந்தது. நான் நேரில் சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.

காத்திவாக்கத்தில் அக்காவின் தம்பி வலையில் சிக்கிய நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா இப்போது அடுக்குமாடிகளில் லிஃப்ட் பார்க்கும் கம்பெனியில் இருப்பதாகச் சொன்னார். ராயபுரத்தில் ஒரு கட்டடத்தின் வாசலில் அவரைப் பிடித்தேன். அதே காக்கிச் சட்டை, புது டார்ச். நான் சொன்னதையெல்லாம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நாலாம் நம்பர் அடியில வச்சுப் போட்டாங்களா?"

"ஆறையும் ஒவ்வொண்ணா அடியில வெச்சுப் போட்டாங்களாம்."

"அப்ப சரி" என்றார். முகம் கொஞ்சம் இளகியது. "மணல்ல வேற போட்டாங்களா? நல்ல மனுசன்."

போய்விடலாம் என்று திரும்பியவன், நின்றேன். "அக்கா, அன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டேன்..."

"போட்ட. கை கயுவிட்டு வரச்சொல்ல பாத்தேனே."

"எண்ணெல்லாம் சரியாத்தான் இருந்தது..."

"இருந்துச்சி. நான் இல்லன்னு சொன்னேனா?" டார்ச்சை அணைத்துப் பையில் போட்டார். "ஆனா இனிஷியல வுட்டுட்டுப் போட்டுகினு இருந்த. உங்கப்பாரு பேரை இதுல இழுக்க வாணாம்னு நெனச்சியோ இன்னாவோ. அத்தப் பாத்ததும்தான், சரி, இவனுக்கும் மனசு கேக்கலன்னு அந்த போனப் போட எனக்கு தெம்பு வந்துச்சி."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "வரேன் தம்பி, கொயந்தையக் கேட்டன்னு சொல்லு" என்று படியேறிப் போய்விட்டார்.

அவர் தப்பாகப் பார்த்திருப்பார் என்றே வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அப்பா பெயரின் முதல் எழுத்து இல்லாமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. மறுநாள் பட்டறையில் பழைய கோப்புகளை இறக்கி அந்த அறிக்கையின் நகலைத் தேடி எடுத்தேன். கடைசிப் பக்கத்தில், கோட்டின் மேல், என் பெயர் மட்டும் தனியாக இருந்தது. முன்னால் எதுவும் இல்லை.

பேனாவைத் திறந்தேன். ஓர் எழுத்துதான், இடமும் இருந்தது. பேனாவை மூடிவிட்டுக் கோப்பையும் மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.